கத்தியா, குறடா: பையில் எது இருக்கட்டும்?

அன்றாடம் கையோடு வைத்துக்கொள்ளப் பேனாக்கத்தி வாங்கலாமா, குறட்டோடு பல கருவிகள் ஒன்றாக மடங்கும் மல்டிடூல் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள். ‘இப்போது ஒன்று கையில் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும், எந்த வேலைக்காகத் தோன்றியது என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் அப்படி எழுதிப் பார்த்தேன். பார்சல் டேப்பை அறுக்க, சட்டை ஓரத்தில் தொங்கிய நூலை நறுக்க, விரலில் ஏறிய சிராயை எடுக்க, மாத்திரை அட்டையைத் துண்டாக்க, பிளாஸ்திரியை அளவாக வெட்ட. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் கத்தரிக்கோல் வேலை. அதற்கு அடுத்ததுதான் கத்தி. குறட்டுக்கு வேலை வந்தது இரண்டே தடவை. ஆனால் அந்த இரண்டு தடவையும் வேறு எதனாலும் ஆகியிருக்காது.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். பயணத்தின் நடுவில் தோள்பையின் ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. பல்லெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இழுக்கும் தலை மட்டும் விரிந்துபோய், இரண்டு பக்கத்தையும் சேர்க்காமல் சும்மா மேலும் கீழும் ஓடியது. குறட்டு நுனியால் தலையின் இடது ஓரத்தில் மெல்ல ஓர் அழுத்து, வலது ஓரத்தில் ஓர் அழுத்து. அளவு மீறினால் தலை இறுகி நகராது, குறைந்தால் பழையபடி பிளக்கும். மூன்றாவது அழுத்தில் பல் கடித்துக்கொண்டது. கத்தியை வைத்துக்கொண்டு இதை எவ்வளவு நேரம் முயன்றாலும் நடக்காது.

இந்த இரண்டு வகைச் சாமானும் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். கார்ல் எல்சனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் பட்டறை தொடங்கினார். 1891-ல் சுவிஸ் ராணுவ வீரர்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அதில் ஓர் அலகு, ஒரு துளையூசி, டின் திறப்பான், திருப்புளி. உறுதிதான், ஆனால் கனம். 1897-ல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியில் இரண்டாவதாக ஒரு சிறிய அலகும் கார்க் திருகியும் சேர்ந்தன. ஒரே ஸ்பிரிங் முன்பக்கக் கருவியையும் பின்பக்கக் கருவியையும் பிடித்துக்கொள்ளும்படி செய்ததால், கருவிகள் கூடியும் கத்தி இலகுவானது. இன்று விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் வரும் கத்திகளின் அடிப்படை அந்த ஸ்பிரிங்தான்.

டிம் லெதர்மேன் கதை வேறு. 1975-ல் மனைவியோடு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றும்போது காரும் பழுதாகும், தங்கும் அறைக் குழாயும் ஒழுகும். கையில் இருந்தது ஒரு பேனாக்கத்தி. இதில் ஒரு குறடு இருந்தால் எவ்வளவு உதவும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு 1983-ல் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. ஆக, சுவிஸ் கத்தி என்பது கத்தியோடு வந்து சேர்ந்த கருவிகள், மல்டிடூல் என்பது குறட்டோடு வந்து சேர்ந்த கத்தி. விரித்துக் கையில் பிடித்துப் பார்த்தாலே இது புரியும்.

சரி, பெயர் சொல்லியே ஒப்பிடுவோம். ஒரு பக்கம் விக்டோரினாக்ஸ் கிளைம்பர்: மடித்தால் 91 மில்லிமீட்டர், எடை சுமார் 80 கிராம். பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், திறப்பான்களின் நுனியிலேயே திருப்புளி, துளையூசி, கார்க் திருகி, சாமணம், பல்குச்சி. மறுபக்கம் லெதர்மேன் வேவ் பிளஸ்: சுமார் 10 சென்டிமீட்டர், எடை 241 கிராம். குறடு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய கம்பி வெட்டும் தாடை, சாதா அலகு, பல் வைத்த அலகு, ரம்பம், அரம், கத்தரிக்கோல், பிட் (மாற்றிப் போடும் நுனி) மாட்டும் திருப்புளி. எண்ணிக்கையைப் பார்த்தால் வேவ் ஜெயிக்கிறது. மூன்று மடங்கு எடையைப் பார்த்தால் கிளைம்பர் ஜெயிக்கிறது.

இந்த எடையை யாரும் கடையில் சரியாக உணர்வதில்லை. கையில் தூக்கிப் பார்க்கும்போது 241 கிராம் ஒன்றுமே இல்லை, நல்ல கெட்டியான சாமான் என்ற திருப்திதான் வரும். மெல்லிய பேண்ட்டின் பைக்குள் போட்டுப் படி ஏறும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் தொடையில் தட்டும். உட்கார்ந்தால் குத்தும். நான் முதலில் வாங்கியது அந்த அளவு மல்டிடூல்தான். இரண்டு வாரம் பையில் இருந்தது, அப்புறம் தோள்பைக்குப் போனது, அப்புறம் மேசை இழுப்பறைக்கு. நூல் பிரிந்த நேரத்தில் அது இழுப்பறையில் இருந்தது. இடுப்பில் உறை போட்டு மாட்டிக்கொள்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வேலையே கம்பியும் நட்டும் போல்ட்டுமாக இருப்பவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மல்டிடூல்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கத்தரிக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கில் முதலில் நின்றது அதுதான். கிளைம்பரின் கத்தரிக்கோல் வெட்டி முடித்ததும் சின்ன ஸ்பிரிங் தள்ளித் தானே விரியும். நூல், நகம், துணி நாடா எல்லாவற்றையும் நுனிவரை சுத்தமாக வெட்டும். அந்த ஸ்பிரிங் எப்போதாவது ஒடியும், புதியதைக் கையாலேயே மாட்டிவிடலாம். வேவ் பிளஸ்ஸின் கத்தரிக்கோலும் வெட்டும்தான். ஆனால் அதை எடுக்க மல்டிடூலை முழுக்க விரித்து, உள்ளிருந்து நகத்தால் இழுக்க வேண்டும். தொங்கும் ஒரு நூலுக்காக யாரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள், பல்லால் கடித்துவிடுவார்கள்.

நடுவில் ஒரு வழியாக லெதர்மேன் ஸ்கெலிடூல் இருக்கிறது. 142 கிராம், குறடு, ஓர் அலகு, பிட் மாட்டும் திருப்புளி, பாட்டில் திறப்பான். பார்க்க அழகு, பைக்குள் கிளிப்பில் நிற்கும். ஆனால் கத்தரிக்கோல் இல்லை. என் கணக்கின்படி பாதி வேலை அதனால் ஆகாது.

இன்னொரு கட்சியும் உண்டு: வெறும் கத்தி போதும், கருவியெல்லாம் வேண்டாம் என்பவர்கள். அவர்களை ஒதுக்கிவிட முடியாது. பிரான்ஸின் சவுவா பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில் வருகிறது. அதில் எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு பழத்தை இதனாலும் ஒரு மல்டிடூல் அலகாலும் வெட்டிப் பாருங்கள். மல்டிடூல் அலகு பாதி தூரம் போனதும் ஆப்பு மாதிரி பிளக்கும். ஒப்பினெல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். எஃகின் பெயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை எஃகு தீர்மானிக்கிறது, உண்மைதான். ஆனால் கத்தி நன்றாக அறுக்கிறதா என்பதை விளிம்புக்குப் பின்னால் அலகு எவ்வளவு மெல்லியது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஒப்பினெலுக்கும் குணங்கள் உண்டு. மரப்பிடி நனைந்தால் ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிடியின் பின்முனையைக் கெட்டியான பரப்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் தலை நீட்டும். கார்பன் எஃகில் வாங்கினால் புளிப்பான பழத்தை வெட்டிய முதல் நாளே சாம்பல் நீலமாகக் கறை படியும். அது கெடுதல் இல்லை. துடைக்காமல் ஈரத்தோடு மடித்து வைத்தால் வரும் செந்துருதான் கெடுதல். துடைத்து எண்ணெய் தொட்டு வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸ் வகையையே வாங்கட்டும்.

இப்போது பூட்டு. மேலே சொன்ன கிளைம்பரில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்திருக்கிறது. ஒப்பினெலில் 1955 முதல் ஒரு வளையம் உண்டு, அதைத் திருகினால் அலகு மடங்காது. வேவ் பிளஸ்ஸில் எல்லாக் கருவிகளும் பூட்டிக்கொள்ளும். பூட்டின் அருமையை நான் வலியோடு தெரிந்துகொண்டேன். பூட்டில்லாத ஒரு பேனாக்கத்தியின் முனையால் பலகையில் துளை போடப் போனேன். முனை மரத்தில் சிக்கியது, நான் இன்னும் அழுத்தினேன், அலகு சட்டென்று மடங்கி ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இறங்கிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. குத்துவதும் குடைவதும் அலகின் வேலையே அல்ல, அதற்குத்தான் துளையூசி. இழுத்து அறுக்கும் வேலைக்குப் பூட்டு இல்லாமலே காலம் தள்ளலாம். முனையை அழுத்திச் செய்யும் வேலை உங்களுக்கு அடிக்கடி வரும் என்றால் பூட்டுள்ளதையே வாங்குங்கள்.

பூட்டில் சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடியது, கூர் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டு வந்துவிட்டால் மல்டிடூலாக இருந்தாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் அளவு மாறும், பூட்டைப் பற்றிய பார்வையும் மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

சாணை பிடிப்பது பற்றிப் பயம் வேண்டாம். விக்டோரினாக்ஸ் எஃகு ரொம்பக் கடினமானதல்ல. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். கையில் சாணைக்கல் இல்லாத நாளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் அலகை 20 பாகை சாய்த்து, பக்கத்துக்கு ஏழெட்டு இழுப்பு இழுங்கள். காகிதத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், கிழிக்காமல் அறுக்கும். பல் வைத்த அலகை இப்படிச் செய்ய முடியாது, ஒவ்வொரு பல்லுக்கும் உருளை அரம் வேண்டும். அதனால் பல் வைத்த அலகை மட்டும் நம்பி எதையும் வாங்க வேண்டாம் என்பேன்.

என் முடிவைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டாகப் பிரித்து வைப்பதுதான் நல்லது. சட்டைப் பையிலோ சாவிக் கொத்திலோ கத்தரிக்கோல் உள்ள சுவிஸ் கத்தி ஒன்று, தோள்பையில் குறட்டோடு மல்டிடூல் ஒன்று. சாவிக் கொத்துக்கு விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி போதும்: 58 மில்லிமீட்டர், 21 கிராம், சின்ன அலகு, கத்தரிக்கோல், நுனியில் திருப்புளி உள்ள நக அரம், சாமணம், பல்குச்சி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கிளைம்பர். மேசை வேலையும் வீட்டு வேலையும் பார்க்கிற ஒருவருக்கு வேவ் பிளஸ்ஸை முதல் சாமானாக நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கிளாசிக் எஸ்டியில் ஒரே ஒரு ஆபத்து, அது இருப்பதே மறந்துவிடும். வருடக்கணக்கில் சாவியோடு தேய்ந்து பக்கத் தகடெல்லாம் கீறல் விழுந்த ஒன்றை, விமான நிலையச் சோதனையில் தட்டில் சாவியைப் போட்டபோதுதான் நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர அங்கே வேறு வழி இல்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு முந்தின இரவே அதை வளையத்திலிருந்து கழற்றி, மல்டிடூலுக்குப் பக்கத்தில் இழுப்பறையில் வைத்துவிடுகிறேன்.