மணி பிளாண்ட்: பாட்டில் தண்ணீரா, தொட்டி மண்ணா?

எதில் வைத்தாலும் கொடியைக் கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டுங்கள். கணு இல்லாத துண்டு வேர் விடாது, அழுகும்.

தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். சுலபம்தான், ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். சும்மா விட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். வெளிச்சம் படும் கண்ணாடியில் பாசி பிடிக்கும். அடர்நிற பாட்டில் நல்லது. வெறும் தண்ணீரில் சத்து குறைவு என்பதால் இலை சிறுத்தே இருக்கும்.

நீளமாகத் தொங்கும் கொடி வேண்டுமா? மண்தான். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு. தொட்டியடியில் துளை கட்டாயம். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். மண்ணில் செடியைக் கொல்வது பெரும்பாலும் அடிக்கடி தண்ணீர் ஊற்றும் அக்கறைதான்: மண் ஈரமாக இருக்கும்போதே கீழ் இலைகள் மஞ்சளானால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது.

பாட்டிலிலிருந்து மண்ணுக்கு மாற்றுவதாக இருந்தால் வேர் 5 செ.மீ. வந்ததுமே மாற்றுங்கள். மாதக்கணக்கில் நீரில் ஊறிய வேர் மண்ணில் திணறும்.

இலையில் இயல்பாக இருக்கும் மஞ்சள் திட்டு மங்கினால் இரண்டிலும் காரணம் ஒன்றே, வெளிச்சக் குறைவு. ஜன்னலருகே நகர்த்துங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம், இலை கருகும். முழுப்பச்சையாக ஓடும் கொடியைத் திட்டுள்ள இலை வரை வெட்டிவிடுங்கள்.