ஓட்டு எண்ணும் விதமும் ஆட்சி நடக்கும் விதமும்

கட்சிகளின் போட்டி என்றதும் தலைவர், பணம், பிரசாரம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கெல்லாம் முன்னால், ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்பது ஒரு முறை. கட்சி வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் விகிதாசாரம் இன்னொன்று. முதல் முறையில் கொள்கைப் பேரம் தேர்தலுக்கு முன்பே, பெரிய கட்சிக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டாவதில் தேர்தல் முடிந்த பிறகுதான் பேரமே தொடங்கும். கொள்கையின் தலையெழுத்து பெரும்பாலும் இதில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் 2024இல் லேபர் கட்சிக்கு 33.7 சதவீத ஓட்டு. 650 இடங்களில் 411 கிடைத்தன. ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி 5 இடம் பிடித்தது. அதைவிடக் குறைவாக, 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம்! எண்ணிக்கையில் கோளாறு எதுவும் இல்லை. லிபரல் டெமாக்ரட்டுகளின் ஓட்டு குறிப்பிட்ட தொகுதிகளில் குவிந்திருந்தது, ரிஃபார்மின் ஓட்டு நாடெங்கும் சிதறிக் கரைந்தது. அதனால்தான் இந்த முறையில் கட்சிகள் இழுபறித் தொகுதிகளையே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு கட்சியின் கோட்டையில் குடியிருப்பவரின் கதவை யார் தட்டப் போகிறார்கள்?

இதன் பெரிய லாபம் வேகம். ஜெயித்த கட்சி யாரையும் கேட்காமல் சட்டம் போடலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பலாம். பழியைப் பங்கு போட அங்கே ஆள் இல்லை. ஆனால் அதே வேகத்தில் தப்பும் நடக்கும். சொத்து மதிப்பைப் பார்க்காமல் தலைக்கு இவ்வளவு என்று பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசு விதித்த உள்ளாட்சி வரி 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்து, வேல்ஸிலும் வந்தது. லண்டனில் கலவரம் வெடித்தது. அந்த வருடமே தாட்சரின் பதவி போனது, 1993இல் வரியும் போனது.

இன்னும் மோசம், ஊசலாட்டம். பிரிட்டனின் எஃகுத் தொழில் 1951இல் அரசுடைமை ஆனது. 1953இல் தனியாருக்குத் திருப்பிவிட சட்டம் வந்தது. 1967இல் மறுபடி அரசுடைமை, 1988இல் மறுபடி தனியார். ஆலை வைத்து நடத்துபவர் இருபது வருடத்துக்குத் திட்டம் போட வேண்டியவர். ஆட்சி மாறும்போதெல்லாம் முதலாளியே மாறினால் அவர் எதை நம்பி உலை வாங்குவார்?

இதற்குப் பக்கத்தில் ஸ்வீடனின் ஓய்வூதியத்தை வைத்துப் பாருங்கள். விகிதாசார நாடு; தனிப்பெரும்பான்மை அங்கே அபூர்வம். 1994இல் இடது, வலது என்று ஐந்து கட்சிகள் உட்கார்ந்து புதிய ஓய்வூதிய முறைக்கு ஒப்புக்கொண்டன. அந்த வருடமே ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. 1998இல் சட்டம் முழுமையானது. பிறகு யார் வந்தாலும் அடிப்படையைப் பிரித்துப் போடவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை யார் கிழிப்பது?

இதற்கு விலை உண்டு. நெதர்லாந்தில் 2021 மார்ச்சில் தேர்தல் நடந்தது. புது அரசு பதவியேற்க 299 நாள் ஆனது, அதுவும் பழைய பிரதமர் தலைமையில். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறு: தோற்கடிக்கவே முடியாத சின்னக் கட்சி. ஜெர்மனியின் எஃப்.டி.பி. (சுதந்திர ஜனநாயகக் கட்சி) 1969 முதல் 1998 வரை, இடையில் சில நாட்கள் தவிர, ஆட்சியிலேயே இருந்தது. அந்தக் காலத் தேர்தல்களில் அதன் ஓட்டு ஏறக்குறைய 6 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் இடையில் ஆடியது, அவ்வளவுதான். 1982இல் சமூக ஜனநாயகக் கட்சியை விட்டு கிறிஸ்தவ ஜனநாயகர்கள் பக்கம் அது தாவியதும் முதல் கட்சியின் பிரதமர் ஷ்மிட் போய், இரண்டாவது கட்சியின் கோல் பிரதமரானார். மக்களிடம் ஓட்டுக் கேட்டது அடுத்த மார்ச்சில்தான். எஃப்.டி.பி.யின் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் இரண்டு ஆட்சியிலும் அதே நாற்காலியில்.

ஆக இரண்டிலும் குறை உண்டு. என்னிடம் கேட்டால், பத்து இருபது வருடம் நிற்க வேண்டிய ஓய்வூதியம், எரிசக்தி, தொழில் போன்றவற்றுக்கு விகிதாசாரம்தான் தேவலாம். ஆட்சியைப் பிடரியைப் பிடித்துத் தள்ளும் வசதிக்குத் தொகுதி முறை.

இரண்டையும் ருசி பார்த்த நாடு நியூசிலாந்து. அங்கே 1978, 1981 தேர்தல்களில் அதிக ஓட்டு வாங்கிய லேபர் கட்சி இரண்டு முறையும் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. அந்தக் கசப்பும் சேர்ந்து 1993 பொது வாக்கெடுப்பில் முறையையே மாற்றினார்கள். 1996 முதல் ஆளுக்கு இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதிக்கு, ஒன்று கட்சிக்கு. மொத்த இடக் கணக்கைக் கட்சி ஓட்டு தீர்மானிக்கும். 2017இல் நேஷனல் கட்சிக்கு 56 இடம், லேபருக்கு 46. ஒன்பது இடம் வைத்திருந்த நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சித் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் லேபர் பக்கம் சாய, பசுமைக் கட்சியின் ஆதரவும் சேர, லேபர் தலைவர் ஜெசிந்தா ஆர்டர்ன் பிரதமரானார். வால் நாயை ஆட்டுகிறது என்று புலம்பல் அங்கேயும் உண்டு. ஆனாலும் இந்த முறையையே வைத்துக்கொள்ளலாமா என்று 2011இல் கேட்டபோது, ஏறக்குறைய 58 சதவீதம் பேர் இதுவே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.