ஏற்பிகளுக்கு எந்த மைக்ரோஅரே: அச்சிட்ட சவ்வா, உயிருள்ள செல்லா?

பல மாதிரிகளைப் புள்ளி புள்ளியாக அடுக்கி ஒரே நேரத்தில் சோதிக்கும் கண்ணாடி ஸ்லைடுதான் மைக்ரோஅரே. டி.என்.ஏ.வை அதில் அச்சிடலாம். காய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. செல் சவ்வில் பதிந்து, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பிப் புரதங்களின் கதை வேறு. ஜி.பி.சி.ஆர். (ஜி-புரதத்தோடு இணைந்து இயங்கும் ஏற்பி) வகை ஏற்பி சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. கொழுப்புப் படலத்தை விட்டுப் பிரித்தால் பெரும்பாலும் உருக்குலைந்துவிடும். மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைக் குறிவைப்பதால் ஒதுக்கிவிடவும் முடியாது.

கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் ஒரு வழி காட்டினார்கள். ஏற்பியை மிகுதியாகத் தயாரிக்கும் செல்களிலிருந்து சவ்வுத் துணுக்குகளை மட்டும் பிரித்து, அமீன் பூச்சுள்ள கண்ணாடியில் அச்சிட்டார்கள். பூச்சில்தான் சூட்சுமம். கழுவி முடித்து ஸ்லைடைத் திரவத்திலிருந்து காற்றுக்குத் தூக்கும் நொடியில்தான் கொழுப்புப் படலம் உரிந்து போகும். இந்தப் பரப்பில் தாக்குப்பிடித்தது. ஒளிர்சாயம் பூட்டிய லிகாண்டை (ஏற்பியோடு பிணையும் மூலக்கூறை) ஊற்றி, சாயமில்லாத மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தால் பிணைப்பின் வலிமை எண்ணாகவே கிடைக்கும். பீட்டா-1, பீட்டா-2, ஆல்ஃபா-2ஏ அட்ரினலின் ஏற்பிகளை அருகருகே வைத்து, மருந்து யாரிடம் பாரபட்சம் காட்டுகிறது என்றும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வோர் ஏற்பிக்கும் தனியாகச் சவ்வு தயாரிக்க வேண்டும். நல்ல சாய லிகாண்டும் வேண்டும். லிகாண்டே தெரியாத ஏற்பி என்றால் இந்தப் போட்டிச் சோதனைக்கு வழியில்லை.

2001-இல் ஜியாவுதீன், சபாட்டினி என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை தலைகீழ். புரதத்தை அச்சிடவே வேண்டாம். ஏற்பிக்கான மரபணுவைச் சுமக்கும் வட்ட வடிவ டி.என்.ஏ.வை (பிளாஸ்மிட்) ஜெலட்டினில் கலந்து 120–150 மைக்ரான் புள்ளிகளாக வைத்துக் காயவிட்டு, டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் நுழைக்க உதவும் வேதிப்பொருளைச் (டிரான்ஸ்ஃபெக்ஷன் ரீஏஜென்ட்) சேர்த்து, மேலே செல்களைப் பரப்பினால் போதும். புள்ளிமேல் உட்காரும் 30–80 செல்கள் டி.என்.ஏ.வை உறிஞ்சி, அந்த ஏற்பியைத் தாங்களே செய்து தம் சவ்வில் நிறுத்திக்கொள்ளும். டோபமின் டி1 ஏற்பியை அதன் மருந்தை வைத்தே அடையாளம் கண்டு காட்டினார்கள். செல் உயிரோடு இருப்பதால் உள்ளே போகும் சமிக்ஞையையும் பார்க்கலாம். தொல்லையும் அதே உயிரால்தான்: செல்லுக்குச் சொந்தமான ஏற்பிகள் ஸ்லைடு முழுக்கப் பின்னணி ஒளி தரும், எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு புரதம் உருவாகாது. ஆகவே அளவீட்டுக்கு இதை நான் நம்ப மாட்டேன்.

ஹெர்பிஸ் வைரஸின் உறையில் ஏற்பியை ஏற்றி, வைரஸையே அச்சிடும் மூன்றாவது வழியும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2019-இல் 300-க்கும் மேற்பட்ட ஜி.பி.சி.ஆர்.களை இப்படி அடுக்கியது. நேர்த்தியான வேலைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வைரஸ் உருவாக்கும் பொறுமை எத்தனை ஆய்வகத்துக்கு இருக்கும்?

சரி, எதை எடுப்பது? கையில் மருந்து இருக்கிறது, ஏற்பிக் குடும்பமும் தெரியும், வலிமையை அளக்க வேண்டும் என்றால் சவ்வு அச்சு. கையில் ஓர் ஆன்டிபாடி இருந்து, அது எதைப் பிடிக்கிறது என்றே தெரியாவிட்டால், தயங்காமல் உயிருள்ள செல் அரே. அதில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் உடனே கொண்டாட வேண்டாம்; அந்த ஏற்பியைப் புதிய செல்களில் தனியாக ஏற்றி, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மறுபடி பார்த்த பிறகு பெயரை எழுதிக்கொள்ளலாம்.