மொலாசஸ் எத்தனால் ஆலையில் பேக் பிரஷர் டர்பைன்: நாள்பட ஓட்டியதில் தெரிந்தவை

மொலாசஸிலிருந்து (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகுக் கழிவு) நாளுக்கு 60 கிலோலிட்டர் எத்தனால் வடிக்கும் ஆலை. ஸ்பென்ட் வாஷை (எத்தனால் வடித்தபின் மிஞ்சும் கழிவுநீர்) சுண்டவைத்து எரிக்கும் பாய்லர், 45 கிலோ அழுத்தத்தில் (சதுர செ.மீ.க்கு) 400 டிகிரி செல்சியஸ் நீராவி. அது மின்சாரம் தரும் டர்பைனைச் சுற்றிவிட்டு 3.5 கிலோவில் வெளியேறி, வடிகலங்களுக்கும் ஸ்பென்ட் வாஷைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டருக்கும் போகிறது. வெளியேறும் நீராவியை இப்படி அழுத்தத்தோடு பயன்படுத்துவதே பேக் பிரஷர் டர்பைன்.

டர்பைனின் அளவை முடிவுசெய்ய வேண்டியது மின்தேவை அல்ல, நீராவித் தேவை. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 4 கிலோ நீராவி என்றால் மணிக்கு 10 டன். இந்த அளவு சிறு டர்பைன் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 10 முதல் 11 கிலோ நீராவி கேட்கும். ஆக, கிடைப்பது 900 முதல் 1000 கிலோவாட். அதைவிடப் பெரிய டர்பைன் வாங்கினால் ஒன்று அரைச்சுமையில் ஓடும், இல்லையென்றால் மிச்ச நீராவி வானத்துக்குப் போகும்.

ரீபாய்லர் (வடிகலத்தைச் சூடாக்கும் கருவி) குழாயில் படிவு ஏறியதும், அதைக் கழுவாமல் எக்ஸாஸ்ட் (டர்பைனிலிருந்து வெளியேறும் நீராவி) அழுத்தத்தை ஏற்றிச் சமாளிப்பது பல ஆலைகளில் உள்ள பழக்கம். 2.5 கிலோவில் நடக்கும் வேலையை 3.5 கிலோவில் நடத்தினால் மின்சாரத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் போய்விடும். எக்ஸாஸ்ட் நீராவி 190 டிகிரிக்கு மேலும் வரும். தண்ணீர் தெளித்து 155 டிகிரிக்குள் கொண்டுவராவிட்டால் ரீபாய்லரில் சூடு சரியாக ஏறாது.

வெளி மின்சாரம் போகும் நேரம்தான் உண்மையான சோதனை. அதுவரை எக்ஸாஸ்ட் அழுத்தத்தைப் பார்த்து ஓடிய கவர்னர் (டர்பைனுக்குள் போகும் நீராவியைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அந்த நொடியில் வேகக் கட்டுப்பாட்டுக்கு மாற வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க அதனால் முடியாது. குறையும் நீராவியை டர்பைனுக்கு இணையாக உள்ள அழுத்தக் குறைப்பு வால்வு உடனே தர வேண்டும். அந்த லைனில் எப்போதும் கொஞ்சம் நீராவி ஓடட்டும். குளிர்ந்து கிடக்கும் லைனைத் திறந்தால் வாட்டர் ஹேமர் (குளிர்ந்து தேங்கிய நீரை நீராவி தள்ளிக் குழாயில் மோதவிடுவது) அடிக்கும். அந்த லைன் தயாராவதற்குள் வடிகலத்தின் வெப்பநிலை சரிந்து ஸ்பிரிட்டின் தரமும் கெடும்.

அதிகக் கவனம் கேட்பது பாய்லர். ஸ்பென்ட் வாஷ் 60 சதவீதத் திடப்பொருளுக்குச் சுண்டியிருக்க வேண்டும். 55க்குக் கீழே போனால் சுவாலை தளர்ந்து, துணை எரிபொருளான கரும்புச் சக்கையின் செலவு கூடும். ஸ்பென்ட் வாஷிலுள்ள பொட்டாசிய உப்புகள் குறைந்த வெப்பத்திலேயே இளகி சூப்பர்ஹீட்டரில் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்கள்) ஒட்டும். குளோரைடு குழாயை அரிக்கும். நீராவி வெப்பத்தை 400க்கு மேல் ஏற்ற ஆசைப்படக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது சூட் புளோயர் (குழாய்களில் ஒட்டிய சாம்பலை ஊதித் தள்ளும் கருவி) அடித்தாலும் படிவு ஏறிக்கொண்டேதான் இருக்கும். புகைவழி அழுத்த வித்தியாசமும் வெளியேறும் புகையின் சூடும் சேர்ந்து ஏறினால், தேதியைப் பார்க்காமல் பாய்லரை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். நிறுத்தும்போதெல்லாம் ஸ்பென்ட் வாஷ் லைனை வெந்நீரால் கழுவிவிட வேண்டும். ஆறவிட்டால் தார் போல இறுகிவிடும்.

எவாப்பரேட்டரில் ஸ்பென்ட் வாஷிலிருந்து ஆவியாகிக் குளிர்ந்த நீரில் அசெடிக் அமிலம் இருக்கும். அது பாய்லருக்கு ஆகாது. ரீபாய்லர் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து ஆன நீர்) மட்டும் திருப்பி அனுப்பலாம், அதுவும் கண்டக்டிவிட்டி (நீரில் உப்பு கலந்திருப்பதைக் காட்டும் மின்கடத்து அளவு) ஏறினால் தானாக வெளியே தள்ளும் வால்வோடு. ரீபாய்லரில் ஒரு குழாய் பொத்தலானாலே போதும், பாய்லர் டிரம்மில் நுரை கட்டி, உப்பு டர்பைன் பிளேடு வரை போய்விடும்.

பாய்லர் சாம்பலை வீணாக்க வேண்டாம். 14.5 சதவீதப் பொட்டாஷ் இருந்தால் உரமாக விற்கலாம். ஈரம் படாமல் உடனே மூட்டை கட்டுங்கள்.