கோர்ட் கட்டங்களும் கைத்திருத்தமும்: பாட்டு அமைக்கும் மென்பொருளுடன் சில ஆண்டுகள்

யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய ஒரு தேவாலயத்தில் பாடகர் குழுவைப் பழக்குகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று பாடசாலை விழாக்களுக்கும் பாட்டு அமைத்துக் கொடுக்கிறேன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் இருந்து இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருளைத்தான் பயன்படுத்தி வருகிறேன். திரையின் அடியில் 88 கட்டைகள் கொண்ட பியானோ ஒன்று இருக்கும். அதற்கு மேலே பாட்டின் கோர்ட்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் கூட்டுகள், பெயர் எழுதிய கட்டங்களாக வரிசையில் நிற்கும். ஒரு கட்டத்தைத் திறந்தால் அதனுள்ளே இருக்கும் ஒவ்வொரு சுரமும் பியானோ ரோல் என்ற சுரக் கட்டத்தாளில் தனிப் பட்டையாகத் தெரியும். இதே அமைப்பில் பல மென்பொருட்கள் கிடைப்பதால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, கோர்ட் வரிசையைத் திருத்தும் வேலை நடைமுறையில் எப்படி அமைகிறது என்பதையே எழுதுகிறேன்.

முதல் ஒரு வருடம் கட்டங்களை இழுத்து வைப்பதும் மாற்றி வைப்பதுமே திருத்தம் என்று நம்பியிருந்தேன். பாட்டுக்கு உயிர் வருவது கட்டத்துக்குள்ளே என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி-யை ச-வாகக் கொண்டு, சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று நான்கு கோர்ட்களை அடுத்தடுத்து வைத்தால், மென்பொருள் ஒவ்வொன்றையும் அதன் ஆதார சுரத்தில், அதாவது கோர்ட்டுக்குப் பெயர் தரும் சுரத்தில், இருந்தே கட்டும்: ச-க-ப, த-ச-க, ம-த-ச, ப-நி-ரி. பெயர்ப்படி எல்லாம் சரியே. ஆனால் இரண்டாவது கோர்ட்டுக்குப் போகும்போது மூன்று சுரங்களும் ஒன்றாக மேலே தாவுகின்றன. த-வுக்கு மேல் உள்ள ச-வும் க-வும் மேல் ஸ்தாயிக்கே போய்விடுகின்றன. பியானோவில் இருந்து பார்த்தால் கை முழுவதும் இடம் பெயர்கிறது. கேட்பவருக்கோ நான்கு துண்டுகள் ஒட்டவைக்கப்பட்டது போல இருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டாவது கட்டத்தைத் திறந்து ச, க இரண்டையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அது ச-க-த ஆகிறது. மூன்றாவதில் ச-வை மட்டும் இறக்கினால் ச-ம-த. நான்காவதில் நி-யையும் ரி-யையும் இறக்கினால் நி-ரி-ப. கோர்ட்டின் பெயர் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் முதல் கோர்ட்டில் இருந்து அடுத்ததற்கு ப மட்டும் த-வுக்கு நகர்கிறது, அதற்கடுத்து க மட்டும் ம-வுக்கு நகர்கிறது, கடைசியில்தான் மூன்றும் இறங்குகின்றன. ஆதார சுரத்தை இடது கைக்குத் தனியாகக் கொடுத்துவிட்டால் கோர்ட்டின் அடையாளமும் கெடுவதில்லை.

இந்தத் திருத்தத்தின் பயனை நான் உணர்ந்தது ஸ்பீக்கரில் அல்ல, பாடகர் குழுவில். நடுக்குரல் பாடுபவர்களுக்கு இந்த நான்கு கோர்ட்களிலும் க, க, ம, ரி என்ற மிக எளிய ஓட்டம் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக அந்தக் குரலைப் பாடிவரும் அக்கா ஒருவர் ஒத்திகை முடிந்ததும், “தம்பி, முந்தி ஒவ்வொரு இடத்திலயும் சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இப்ப அது தானா வந்து நிக்குது” என்றார். அவர் மென்பொருளைப் பார்த்ததே இல்லை. அதன்பின் கட்டத்துக்குள் கை வைக்காத எந்தப் பாட்டையும் நான் ஒத்திகைக்குக் கொண்டு போனதில்லை.

இதே இடத்தில்தான் மென்பொருளின் பெருங்குறையும் இருக்கிறது. சுரங்களை நான் கையால் நகர்த்தியிருக்கிறேன் என்பதை அது நினைவில் வைப்பதில்லை. 2023ஆம் ஆண்டு நத்தார்ப் பாட்டொன்றை மூன்று மாலைகள் இருந்து திருத்தி முடித்தேன். கடைசியில் ஓரிடத்தில் எஃப் மேஜருக்குப் பதிலாக டி மைனர் பொருந்தும் என்று தோன்றியதால் கட்டத்தின் பெயரை மாற்றினேன். ஒரே பெயருள்ள கட்டங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாட்டில் இருந்த எல்லா எஃப் மேஜர்களும் டி மைனராகி, எல்லாமே மீண்டும் ஆதார சுரத்தில் இருந்து கட்டப்பட்டுவிட்டன. எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அந்த இடத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேமித்து மூடிய நான், மறுநாள்தான் முழுப் பாட்டையும் கேட்டேன். அதற்குள் முந்தைய நிலைக்குத் திரும்பும் வழி அடைபட்டிருந்தது. இன்றுவரை வந்த புதுப்பிப்புகளிலும் இது சரிசெய்யப்படவில்லை. கோர்ட் வரிசை முடிவாகும்வரை கட்டங்களோடு மட்டும் நிற்பது, முடிவானதும் கோப்பை வேறு இலக்கமிட்டுச் சேமித்துக்கொண்டு கட்டங்களைச் சுரங்களாகப் பிரித்துவிடுவது என்பதே நான் கண்ட வழி. பிரித்த பின் பெயரை வைத்து மாற்ற முடியாது. ஆனால் செய்த வேலை அழியாது.

கர்நாடக இராகத்தில் அமைந்த மெட்டு என்றால் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். சிறுவர்கள் தொடக்கப் பாடமான சரளி வரிசையிலேயே பழகியிருப்பார்கள் என்பதால் பாடசாலைப் பாட்டொன்றை மாயாமாளவகௌளையில் அமைத்தேன். 15ஆவது மேளகர்த்தாவான, அதாவது தாய் இராகமான, இதன் சுரங்கள் மென்பொருளின் பட்டியலில் ‘டபிள் ஹார்மோனிக்’ என்ற பெயரில் இருக்கின்றன. அதைத் தெரிவுசெய்த பின்னும், பல்லவி முடியும் இடத்தில் அது பரிந்துரைத்தது ஜி மேஜரைத்தான். ஜி மேஜர் என்பது ப-நி-ரி. ஆனால் அதில் உள்ளது சதுஸ்ருதி ரிஷபம், மெட்டில் பிள்ளைகள் பாடுவது சுத்த ரிஷபம். இரண்டும் அரைச்சுர இடைவெளியில் மோதும்போது பிள்ளைகள் சுருதி விலகிப் பாடுவதாகவே காதுக்குப் படும். பிழை அவர்களிடம் இல்லை. ரி-யை அரைச்சுரம் இறக்கிப் பார்த்தேன். இராகத்துக்குப் பொருந்தினாலும் முடிவுக்கு வேண்டிய நிறைவு இல்லாமல் கூட்டு கரடுமுரடாக நின்றது. கடைசியில் அந்தக் கட்டத்தையே நீக்கிவிட்டு, எஃப் மைனராகிய ம-த-ச-வை வைத்து, அதிலிருந்து ச-க-ப-வுக்கு இறங்கினேன். சுத்த தைவதம் பஞ்சமத்துக்கு இறங்கும் அந்த அரைச்சுரத்தில் இராகத்தின் சாயல் முழுமையாக வந்தது. மென்பொருள் தரும் பரிந்துரைகள் மேஜர், மைனர் பாட்டுகளுக்கு நன்றாக உதவுகின்றன. நமது இராகங்களுக்கு அவற்றை நம்பாமல் இராகத்தின் சுரங்களில் இருந்து நாமே கோர்ட்டைக் கட்டுவது நல்லது. கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது, வரும் இடங்களில் கோர்ட்டை நிறுத்தி, ச-வும் ப-வும் மட்டும் ஒலிக்க விடுவதும் என் வழக்கமாகிவிட்டது.

கமகத்துக்காக மெட்டின் சுரத்தை வளைக்க முயல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவிகளும் கணினியும் சுரங்களைப் பரிமாறிக்கொள்ள 1983இல் வெளியான மிடி முறையில், சுரத்தை வளைக்கும் கட்டளை ஒரு தனிச் சுரத்துக்கு அன்றி, அந்தச் சனல், அதாவது தகவல் செல்லும் தடம், முழுவதற்கும் போகும். மெட்டும் கோர்ட்டும் ஒரே சனலில் இருந்தால் மெட்டு வளையும்போது கோர்ட்டும் சேர்ந்து வளைந்து, பியானோவே சுருதி கெட்டது போல ஒலிக்கும். மொத்தம் 16 சனல்கள் இருப்பதால் மெட்டை வேறொன்றுக்கு மாற்றிவிட்டால் போதும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஒரு சுரம் எவ்வளவு பலமாக வாசிக்கப்படுகிறது என்ற அழுத்த அளவும் கையால் திருத்த வேண்டியதே. கட்டத்தில் இருந்து வரும் சுரங்கள் எல்லாம் ஒரே அழுத்தத்தில் வரும். 127 வரை செல்லும் அந்த அளவில் நடுச் சுரங்களைப் பத்துப் பதினைந்து குறைத்து மேற்சுரத்தைச் சற்று உயர்த்தினால் பியானோ பியானோவாகக் கேட்கும். ஆண்குரலுக்காகச் சுருதியை இறக்கும்போது இடது கைக் கோர்ட்கள் கலங்கிவிடுவதால் அங்கே ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் விட்டுவைக்கிறேன். கீபோர்ட்டை இணைத்து வாசிப்பவர்கள் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, குறைக்க வேண்டும்: செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 என்ற அளவு சுமார் 23 மில்லிசெக்கன் தாமதத்தைத் தரும், 256 என்றால் 6 மில்லிசெக்கன்தான்.

எங்களுடைய நிலைமைக்கு இரண்டு விடயங்கள் முக்கியமானவை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, இணையம் இல்லாமலும் திறக்கும் மென்பொருள் என்பதாலேயே என்னால் வேலை செய்ய முடிந்தது. அதே ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை போனபோது, மாதச் சந்தாவில் அல்லாமல் ஒரே தடவையில் பணம் கட்டியிருந்தது பெரும் ஆறுதலாக இருந்தது.

வாங்க நினைப்பவர்கள் பரீட்சார்த்தக் காலத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு ஒரே பெயரில் இருக்கும்படி நான்கு கோர்ட்களை வைத்து, அந்த இரண்டில் ஒன்றின் ஒரு சுரத்தைக் கையால் நகர்த்துங்கள். பிறகு அதே பெயருள்ள மற்றக் கட்டத்தின் பெயரை மாற்றிவிட்டு, நீங்கள் நகர்த்திய சுரம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.