குலுக்கிப் பார்ப்பதா, மெல்லத் தள்ளிப் பார்ப்பதா?

கட்டடத்தில் பீமும் (உத்தரம்) காலமும் (தூண்) சேரும் ஜாயிண்டுக்குள், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் வைக்காமல் விட்டால் நிலநடுக்கத்தில் என்ன ஆகும் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. மாதிரியை மேலே ஏற்றி நிலநடுக்கம்போல் குலுக்கும் ஷேக் டேபிள் என்ற மேசை கிடைக்க வாய்ப்பிருந்தும், ஹைட்ராலிக் ஜாக்கால் முன்னும் பின்னும் மெல்லத் தள்ளி இழுக்கும் முறையையே எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன்.

ஷேக் டேபிளின் பெருமை தெரிந்ததே. நிஜ நிலநடுக்கப் பதிவை ஓட்டலாம். கட்டடத்தின் சொந்த எடையே அதை உலுக்கும். ஜப்பானின் மிக்கி நகரில் உள்ள இ-டிஃபென்ஸ் மேசை 20 மீட்டருக்கு 15 மீட்டர், 1,200 டன் தாங்கும். முழுக் கட்டடத்தையே ஏற்றலாம். சாதாரணமாகக் கிடைப்பதோ சில மீட்டர் மேசைதான். மாதிரியைச் சுருக்கியே ஆக வேண்டும். என்னைத் தடுத்தது அந்தச் சுருக்கல்.

நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி என்று வையுங்கள். அதன் எடை 64-இல் ஒரு பங்கு. ஆனால் அதே கான்கிரீட்டில் அதே தகைவு (ஒரு சதுர அளவுக்கு வரும் விசை) வர 16-இல் ஒரு பங்கு எடை வேண்டும். குறையும் முக்கால் பங்கை இரும்புக் கட்டிகளாக ஏற்றலாம். நிலநடுக்கப் பதிவின் நேரத்தையும் அளவுக்கேற்பப் பாதியாக்கலாம். கம்பியை என்ன செய்வது? 16 எம்.எம். கம்பி 4 எம்.எம். ஆகிவிடும், அந்தத் தடிமனில் சுலபமாகக் கிடைப்பது வரியில்லாத வழவழக் கம்பி. 20 எம்.எம். ஜல்லி 5 எம்.எம். பொடியாகிவிடும். ஜாயிண்ட் கெடுவதில் பாதி, கம்பி கான்கிரீட்டின் பிடியிலிருந்து வழுக்குவதுதான். அந்தப் பிடியே மாறிப்போனால் நான் சோதிப்பது வேறு ஜாயிண்ட்.

அதனால் முழு அளவில் வார்த்து, வெள்ளையடித்து, ஒவ்வொரு சுற்றிலும் ஜாக்கை நிறுத்தி விரிசலை மார்க்கரால் வரைந்தேன். பெருக்கல் குறிபோல் விரிசல் குறுக்கே ஓடி, கான்கிரீட் உதிர்ந்து, காலம் கம்பி வெளியே பிதுங்கியதை அருகிலிருந்து பார்த்தேன். மேசையில் இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

குறையும் உண்டு. வேகமாக விசை வந்தால் கான்கிரீட்டும் கம்பியும் சற்றுக் கூடுதல் வலு காட்டும். மெல்லத் தள்ளும்போது அது தெரியாது. வேகத்தைப் பொறுத்து வேலை செய்யும், அதிர்வைத் தணிக்கும் டாம்பர்களைச் சோதிக்க ஷேக் டேபிளுக்குத்தான் போக வேண்டும்.

ஜாக்கையும் கணினியையும் இணைத்து, அடுத்த அசைவைக் கணக்கிட்டுத் தள்ளும் போலி-இயங்கியல் முறை மூன்றாவது வழி. இத்தாலியின் இஸ்ப்ரா ஆய்வகம் இதற்குப் பேர்போனது. நான் ஒரே ஒரு சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. படிப்படியாகச் சேரும் அளவீட்டுப் பிழையோடுதான் அங்கே பெரும் போராட்டம் நடந்தது.