வட்டியில்லாக் கடன் சங்கத்தில் வாங்கிய மாவு மெஷின்

காரைக்குடியில் வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்பு சீடை செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடம் கையாலேயே மாவு பிசைந்ததில் வலது தோள் போய்விட்டது. பிசையும் மெஷின் 48,000 ரூபாய். வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் வட்டிக்கே மாதம் 960 போகும், அசல் அப்படியே நிற்கும்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஜமாஅத்துக்காரர்கள் நடத்தும் வட்டியில்லாக் கடன் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். உறுப்பினராகச் சேர்ந்தால் போதும், எந்த மதமானாலும் சரி என்றார்கள்.

கையில் பணம் தரமாட்டார்கள். கடையில் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன். சங்கமே தன் பெயரில் பில் போட்டு மெஷினை வாங்கி, 4,800 லாபம் வைத்து 52,800க்கு எனக்கு விற்றது. மாதம் 4,400, பன்னிரண்டு தவணை. இதற்கு முராபஹா என்று பெயர். வாங்கிய விலையையும் லாபத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

"இதுவும் வட்டி மாதிரிதானே பாய்?" என்று செயலாளரிடம் நேராகவே கேட்டேன்.

"பொருளை நாங்க வாங்கி உங்களுக்கு விக்கிறோம்மா. பழுதுன்னா நாங்கதான் பொறுப்பு. நீங்க லேட்டாக் கட்டினாலும் இந்த விலை ஏறாது."

இரண்டையும் அனுபவத்தில் பார்த்துவிட்டேன். வந்த முதல் வாரமே, ஐந்து கிலோ மாவைப் போட்டதும் மோட்டார் உறுமி நின்று கருகல் வாடை அடித்தது. நான் கடைக்கு அலையவில்லை. சங்கத்திலிருந்தே ஆள் வந்து எடுத்துப்போய், நான்காம் நாள் வேறு மெஷின் இறக்கினார்கள். அப்புறம் ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, ஆர்டர் இல்லை, தவணையும் கட்டவில்லை. ஆவணியில் இரண்டையும் சேர்த்து 8,800 கட்டினேன். ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. கடன் நிற்கும்போது ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது எனக்கு அந்த ஆடியில்தான்.

குறைகளும் உண்டு. கிடைக்க நாற்பது நாள் ஆனது, இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். கணக்குப் பார்த்தால் வங்கியில் 12 சதவீதத்துக்கு இதே தொகை கிடைத்தால் வட்டி சுமார் 3,200தான் வரும். முத்ரா என்ற அரசுக் கடன் திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள், அதையும் கேட்டுப்பாருங்கள். எண்ணெய், அரிசி வாங்கக் கைப்பணம் வேண்டுமென்றால் சங்கத்திலேயே 'அழகிய கடன்' தருகிறார்கள். லாபமே கிடையாது, வாங்கியதை அப்படியே திருப்பினால் போதும். ஆனால் எங்கள் சங்கத்தில் 15,000தான் உச்சம், தீபாவளி ஆர்டருக்கு அது காணாது.

இன்னொன்று, இது வங்கி இல்லை. நம் நாட்டில் இஸ்லாமிய வங்கி கிடையாது. அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு இங்கே இல்லை. அதனால் கடனுக்குப் போங்கள், மொத்தச் சேமிப்பையும் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

எனக்குத் தையில் கடைசித் தவணை. முறுக்கு பிழியும் மெஷினுக்கு இப்போதே கொட்டேஷன் வாங்கி வைத்துவிட்டேன்.